ஓடு பறந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?

கேரளத்தில் விருச்சிக மாதம் பிறந்து மேட மாதம் முடியும் வரையிலான ஆறு மாதங்கள், அதாவது நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையிலான காலம், கோயில் உற்சவங்களும் தேவாலயப் பெருநாள்களும் பள்ளிவாசல் நேர்ச்சைகளும் அடுத்தடுத்து வரும் காலமாகும். அவற்றில் பலவற்றின் உச்சம், தமிழ்நாட்டில் வாணவேடிக்கை என்றும் கேரளத்தில் வெடிக்கெட்டு அல்லது கம்பக்கெட்டு என்றும் அழைக்கப்படும் வெடிக் காட்சியே. கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரிக்கு இவற்றோடு இன்னொரு பருவமும் உண்டு. கேரளத்தின் பிற இடங்களில் விஷுவுக்கு வெடிக்கும் அளவுக்குத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை என்றாலும், குஜராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மட்டாஞ்சேரித் தெருக்களில் தீபாவளிக்கும் வெடிச் சத்தம் குறைவதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் மர உத்தரங்களின் மேல் ஓடு வேய்ந்த பண்டகசாலைகளும் நெருங்கி நிற்கும் இப்பகுதியில், ஒரு வெடி தவறான இடத்தில் வெடித்தால் சேதம் ஒரு வீட்டோடு நிற்காது என்பதை எல்லோரும் அறிவர். அந்தச் சேதத்தை யார் ஈடுசெய்வார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலான வீடுகளில் விடை இல்லை.

இக்கேள்வியின் முழு வடிவத்தையும் காட்டிய நிகழ்வு, மட்டாஞ்சேரியிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பழைய கொச்சி அரச குடும்பத்தின் ஊரான திருப்பூணித்துறையில் 2024 பிப்ரவரி 12 அன்று காலையில் நிகழ்ந்தது. புதியகாவு பகவதி கோயில் உற்சவத்துக்கெனக் கொண்டுவரப்பட்ட வெடிகள், சூரக்காடு என்ற குடியிருப்புப் பகுதியில் வண்டியிலிருந்து இறக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது வெடித்துச் சிதறின. இருவர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர், சுற்றிலும் நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. சில வீடுகளில் கூரையே போயிற்று. பல வீடுகளில் சன்னல், கதவு, மேல்தளப் பலகை, ஓடு ஆகியவை நொறுங்கின. வெடிக் காட்சிக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கவில்லை என்று அதிகாரிகள் தெரிவித்தனர். விழா நிர்வாகிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். வீட்டுக்காரர்கள் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினர். இந்நிகழ்வில் கவனிக்க வேண்டியது, வெடிக் காட்சி தொடங்கவே இல்லை என்பதாகும். வேடிக்கை பார்க்கப் போகாதவர்கள், வேடிக்கை நடக்காத நேரத்தில், தங்கள் வீட்டுக்குள் இருந்தபடியே வீட்டை இழந்தார்கள்.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2016 ஏப்ரல் 10 அன்று அதிகாலையில், கொல்லம் மாவட்டம் பரவூரில் உள்ள புற்றிங்கல் தேவி கோயிலில் நேர்ந்த விபத்து நாட்டையே உலுக்கியது. மாவட்ட ஆட்சியர் அனுமதி மறுத்திருந்தும் இரு குழுக்கள் போட்டியிட்டு நடத்திய வெடிக் காட்சியின்போது, வெடிகளைச் சேமித்து வைத்திருந்த கம்பப்புரை என்னும் கான்கிரீட் அறை வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிதறிய கான்கிரீட் துண்டுகள் வெகுதூரம் பறந்து விழுந்ததையும், கோயிலைச் சுற்றியிருந்த வீடுகள் குலைந்ததையும் அன்றைய செய்திகள் பதிவு செய்தன. சில நாள்களிலேயே கேரள உயர் நீதிமன்றம், சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை அதிக ஒலி எழுப்பும் வெடிகளை வெடிக்கத் தடை விதித்தது. உயிரிழப்பின் பெருந்துயரத்துக்கு முன்னால் வீட்டுச் சேதம் சிறிதாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் உயிர் தப்பியவர்கள் மறுநாள் எங்கே உறங்குவது என்ற கேள்வி அதனால் மறைந்துவிடுவதில்லை.

இத்தகைய விபத்துக்குப் பின் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இழந்தது எவ்வளவு என்பது ஒன்று. இழப்புக்குக் காரணமானவர் யார் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரு பொறியாளரும் ஒரு நாடாவும் இருந்தால் சில நாள்களில் விடை கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு முதல் தகவல் அறிக்கை, விசாரணை, ஆணையம், குற்றப்பத்திரிகை, மேல்முறையீடு எனப் பல ஆண்டுகள் ஆகும். வீட்டுக் காப்பீட்டின் தலையாய பயன், இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுவதே. வீட்டின் உரிமையாளர் தம் வீட்டுக்கு எடுத்திருக்கும் பாலிசி, யார் தவறு என்று காத்திருக்காமல், நிகழ்ந்தது பாலிசியில் எழுதப்பட்ட ஆபத்துகளுள் ஒன்றா என்று மட்டும் பார்த்துப் பணம் தருகிறது. வெடித்தவர் உரிமம் பெற்றவரா, உரிமம் இல்லாதவரா என்பது அங்கே பொருட்டல்ல. காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது இப்பிரிவினையை விளங்கிக்கொள்ளாததே குழப்பங்களில் பாதிக்குக் காரணம்.

தீ வேறு, வெடிப்பு வேறு

தீக்காப்பீடு எடுத்திருந்தால் வெடி விபத்துக்கும் அது தானாகவே பொருந்தும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இன்று அது பெருமளவு உண்மை. ஆனால் தொடக்கத்திலிருந்தே அப்படி இருந்ததில்லை. 1864 அக்டோபர் 1 அன்று லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள எரித் என்ற ஊரில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. அங்கிருந்து ஏறத்தாழ அரை மைல் தொலைவில் இருந்த ஒரு வீட்டின் சன்னல்களும் சட்டங்களும் அதிர்வால் உடைந்தன. தீயால் ஏற்படும் சேதத்துக்கு ஈடு தருவதாகச் சொல்லும் பாலிசியை வைத்திருந்த வீட்டுக்காரர், வெடிப்புக்குக் காரணம் தீதானே என்று வாதிட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1865இல் எவரெட் எதிர் லண்டன் அஷ்யூரன்ஸ் என்ற அவ்வழக்கில் நீதிமன்றம் வீட்டுக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீட்டைத் தீ தொடவில்லை. தொட்டது காற்றின் அதிர்ச்சி. எங்கோ எரிந்த தீ இந்தச் சேதத்துக்குத் தொலைவான காரணமே அன்றி நேர்க் காரணம் அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். நேர்க் காரணம் என்பது, ஒரு சேதத்துக்கு முன்னால் நீளும் காரணச் சங்கிலியில் அச்சேதத்தை உண்மையில் விளைவித்த, மேலோங்கி நிற்கும் காரணத்தைக் குறிக்கும் காப்பீட்டுச் சொல். சூரக்காட்டில் ஓடு பறந்த வீட்டின் நிலையும் எரித்தில் கண்ணாடி உடைந்த வீட்டின் நிலையும் ஒன்றே.

அவ்வழக்கு உணர்த்திய பாடமாகவே, தீ என்ற சொல்லோடு நிற்காமல் வெடிப்பு என்பதைத் தனி ஆபத்தாக எழுதும் வழக்கம் பிற்காலப் பாலிசிகளில் நிலைபெற்றிருப்பதைப் பார்க்கலாம். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தோடு விற்க வேண்டிய வீட்டுப் பாலிசியாக ‘பாரத் கிருஹ ரக்ஷா’வை வகுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அதில் தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு முதலியவை தனித்தனியே பட்டியலிடப்பட்டுள்ளன. வெளியிலிருந்து வரும் பொருள் எதுவாயினும் அது மோதுவதால் வீட்டுக்கு ஏற்படும் சேதமும் சேர்க்கப்பட்டுள்ளது. வெடி விபத்தைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடு மூன்று வாயில்களைத் திறந்து வைக்கிறது. ராக்கெட் விழுந்து ஓலைப் பந்தலோ மர உத்தரமோ பற்றினால் அது தீ. காற்றின் அழுத்த அலை ஓட்டைத் தூக்கினால் அது வெடிப்பு. பறந்து வந்த கான்கிரீட் துண்டு சுவரை இடித்தால் அது மோதல். மோதல் என்றால் வாகனமோ விலங்கோ மோதுவது மட்டுமே என்று குறுக்கியிருந்த பழைய தீக்காப்பீட்டு வாசகத்தோடு ஒப்பிட்டால், புதிய வாசகத்தின் அகலம் விளங்கும்.

அழுத்த அலை என்பதைச் சற்று விளக்க வேண்டும். வெடிமருந்து மிகக் குறுகிய நேரத்தில் வாயுவாக மாறி விரியும்போது, சுற்றியுள்ள காற்று நெருக்கப்பட்டு நாலாபுறமும் அலையாகப் பாய்கிறது. இயல்பான காற்றழுத்தத்துக்கு மேல் அவ்வலை கூட்டும் அழுத்தத்தை மிகையழுத்தம் என்பர். இயல்பான காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். அதில் நூற்றில் ஓரிரு பங்கு அளவுக்கு மிகையழுத்தம் வந்தாலே சாதாரணச் சன்னல் கண்ணாடி உடையக்கூடும். மனிதச் செவிப்பறை கிழிய அதைப்போல் பல மடங்கு வேண்டும். ஆகவே, தெருவில் நின்றவருக்குப் பெரிய காயம் இல்லாத இடத்திலும் வீடுகளின் கண்ணாடி முழுவதும் நொறுங்கிக் கிடப்பது முரண் அல்ல. அழுத்த அலைக்குப் பின்னே எதிர்த்திசையில் ஓர் உறிஞ்சலும் வருவதால், சட்டத்தின் மேல் வெறுமனே அமர்ந்திருக்கும் மங்களூர் ஓடு முதலில் அதிர்ந்து, பிறகு இடம்பெயர்ந்து சரிகிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வெட்டுக்கல் சுவர் நிற்கிறது, பூச்சு உதிர்கிறது, பழைய விரிசல் விரிகிறது. இந்தப் பழைய விரிசல்தான் பின்னர் காப்பீட்டு மேசையில் பெரிய வழக்காகிறது.

மட்டாஞ்சேரி வீட்டின் கணக்கு

மட்டாஞ்சேரியின் நெருக்கம் புதியதன்று. 1889 ஜனவரி 4 அன்று சந்திரபானு என்ற கப்பலில் பற்றிய தீ, கொச்சிக் கோட்டைப் பகுதியின் கரையோரப் பண்டகசாலைகளுக்கும் வீடுகளுக்கும் தாவிப் பேரழிவை விளைவித்த நினைவு ஊரின் வரலாற்றில் பதிந்திருக்கிறது. மிளகும் இஞ்சியும் குவிந்த பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளைக் காப்பீடு செய்வது வணிகர்களுக்குப் பழகிய செயல். அதே தெருவின் மேல்மாடியில் வாழும் குடும்பம் தன் வீட்டைக் காப்பீடு செய்வது அரிது. இந்தியாவில் வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வங்கிக் கடனின் வாலைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறது. கடன் வாங்கிக் கட்டிய புது அடுக்ககத்துக்கு வங்கியின் கட்டாயத்தால் பாலிசி இருக்கும். பாட்டன் காலத்து வீட்டுக்குக் கடனும் இல்லை, கேட்பாரும் இல்லை, பாலிசியும் இல்லை. வெடி அதிர்ச்சியில் எளிதில் குலையக்கூடியது அந்தப் பழைய வீடே என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

பலருடைய தயக்கத்துக்குப் பிரீமியத்தின் அளவைவிடக் காப்பீட்டுத் தொகையைப் பற்றிய தவறான எண்ணமே காரணமாகிறது. மட்டாஞ்சேரியில் ஒரு சென்ட் நிலத்தின் விலையை நினைத்து, வீட்டைக் கோடிக் கணக்கில் காப்பீடு செய்ய வேண்டியிருக்கும் என்று கருதுகின்றனர். நிலம் எரிவதில்லை, வெடிப்பதுமில்லை. ஆகவே நிலத்தின் விலை கணக்கில் வராது. வீட்டின் உட்பரப்பை, அதே வீட்டைத் திரும்பக் கட்ட ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவால் பெருக்கி வருவதே காப்பீட்டுத் தொகை. எடுத்துக்காட்டாக, 800 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,000 ரூபாயில் திரும்பக் கட்டலாம் என்று கொண்டால், காப்பீட்டுத் தொகை 16 லட்சம் ரூபாய். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால், வீட்டுப் பொருள்களுக்கும் அத்தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு, தானாகவே காப்பு கிடைக்கிறது; மேற்சொன்ன வீட்டில் அது 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். வீடு வாழத் தகுதியற்றுப் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும், இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும், கட்டட வடிவமைப்பாளரின் கட்டணத்துக்கும் குறிப்பிட்ட வரம்புக்குள் இடமுண்டு.

இன்னொரு நல்ல ஏற்பாடும் இதில் உண்டு. காப்பீட்டுத் தொகை வீட்டின் உண்மைக் கட்டுமானச் செலவைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைவின் விகிதத்தில் ஒவ்வொரு சிறு இழப்பீட்டையும் வெட்டுவது பழைய வழக்கம். இதைக் குறைமதிப்புக் காப்பீடு என்பர். பாதித் தொகைக்கே காப்பீடு செய்தவருக்கு உடைந்த சன்னலுக்கும் பாதிப் பணமே கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷா இவ்வெட்டைக் கைவிட்டு, காப்பீட்டுத் தொகை என்ற உச்சவரம்புக்குள் முழுச் சேதத்தையும் தருவதாக ஏற்கிறது. ஆனால் உச்சவரம்பு உச்சவரம்புதான். தேக்கு உத்தரமும் மரப் படிக்கட்டும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட ஒரு பழைய கொச்சி வீட்டை அதே வடிவில் மீட்கும் செலவு சாதாரணக் கட்டுமானச் செலவைவிடப் பன்மடங்கு என்பதால், அதை முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லாதவர் பிறகு சிமென்ட் வீட்டுக்கான பணத்தோடு நிற்க நேரும்.

வாடகைக் குடியிருப்போர் நிறைந்த பகுதி என்பதால் காப்பீட்டுக்குரிய நலன் என்ற கருத்தும் இங்கே முக்கியமாகிறது. ஒரு பொருள் அழிந்தால் பண இழப்பு யாருக்கு நேருமோ அவரே அதைக் காப்பீடு செய்ய இயலும் என்பதே அதன் பொருள். கட்டடம் உரிமையாளருடையது, கட்டிலும் தையல் இயந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் குடியிருப்பவருடையவை. கேரளக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1965இல் வந்தது. அதன் கட்டுப்பாட்டால் பழைய, மிகக் குறைந்த வாடகையே வந்துகொண்டிருக்கும் வீட்டுக்குக் காப்பீடு எடுக்க உரிமையாளருக்கு ஆர்வம் இருப்பதில்லை. அந்நிலையிலும் குடியிருப்பவர் தம் பொருள்களுக்கு மட்டும் தனியே பாலிசி எடுக்கலாம் என்பதை முகவர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

பாலிசி எதற்கெல்லாம் பொருந்தாது என்பதிலும் தெளிவு வேண்டும். வீட்டுக்காரர் வேண்டுமென்றே செய்த செயலால் வரும் சேதத்துக்கு ஈடு இல்லை. வீட்டில் வைத்திருந்த வெடிப்பொருள்களின் மதிப்புக்கு, பாலிசியில் வெளிப்படையாகச் சேர்த்திருந்தாலன்றி, ஈடு இல்லை. குடியிருப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பண்டிகைக் காலத்தில் முன்னறையைப் பட்டாசுக் கிடங்காக்கியவர், பொருளை மட்டுமல்லாமல் பாலிசியின் அடிப்படையையே இழக்கும் ஆபத்துக்கு உள்ளாகிறார். காப்பீடு என்பது ஒருவர் தம் வீட்டைப் பற்றிச் சொன்ன உண்மையை நம்பி மற்றவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். தெருவில் நிறுத்திய ஸ்கூட்டர் வீட்டுப் பாலிசியில் வராது. அதன் சொந்தச் சேதத்துக்கும் காப்பு தரும் முழு வாகனப் பாலிசி இருந்தால் தீயும் வெடிப்பும் அதில் அடங்கும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் அடங்கா.

தம் வீட்டு ராக்கெட் அடுத்த வீட்டில் விழுந்தால்

இதுவரை சொன்னது பிறர் வெடியால் தம் வீடு கெட்டவரின் நிலை. தீபாவளி இரவில் நிலை தலைகீழாகவும் மாறலாம். ஒரு வீட்டுப் பிள்ளை விட்ட ராக்கெட் எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருக்கும் துணியில் விழுந்து அந்த வீடு பற்றினால், எதிர்வீட்டுக்காரரின் பாலிசி எதிர்வீட்டுக்கு ஈடு தரும். ராக்கெட் விட்ட வீட்டின் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி அதற்குத் தராது. காரணம், அது வீட்டுக்கு எடுத்த காப்பீடே தவிர, வீட்டுக்காரர் பிறருக்கு இழைக்கும் தீங்குக்கான பொறுப்புக் காப்பீடு அன்று. அமெரிக்காவில் வழக்கமாக விற்கப்படும் வீட்டு உரிமையாளர் பாலிசியில் இந்தச் சொந்தப் பொறுப்பும் ஒரு பகுதியாகவே இணைந்திருப்பதால், ஜூலை 4 சுதந்திர நாள் வெடிகளால் அண்டை வீட்டுக்கு நேரும் சேதத்தையும் அதே பாலிசி ஏற்க இடமிருக்கிறது. தடைசெய்யப்பட்ட வெடியாகவோ வேண்டுமென்றே செய்த செயலாகவோ இருந்தால் அங்கும் சிக்கலே. அமெரிக்க இணையதளங்களையும் காணொளிகளையும் பார்த்துவிட்டு இங்குள்ள பாலிசியிலும் அப்படியே இருக்கும் என்று நம்புவது தவறு. இந்தியாவில் அதை விரும்புபவர், வீட்டுக்காரர் தொகுப்புப் பாலிசி என்று விற்கப்படுபவற்றில் பொதுப் பொறுப்பு என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதே கொச்சியில், பெரும் வெடிப்பு ஒன்றுக்கு முன்னரே பொறுப்புக் காப்பீடு ஏற்பாடு செய்த நிகழ்வும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்ட மரடு அடுக்ககங்களை இடிக்க 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்ககத் தொகுதிகள் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டன. அதற்கு முன் அண்டை வீட்டுக்காரர்கள் எழுப்பிய கேள்வி, சூரக்காட்டில் பின்னர் எழுந்த அதே கேள்விதான்: விரிசல் விட்டால் யார் தருவார்கள்? அவர்கள் விடாது போராடியதன் பயனாகச் சுற்றியிருந்த வீடுகளுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுக்கப்பட்டது, வீடுகளின் அப்போதைய நிலை பதிவு செய்யப்பட்டது, குடியிருந்தோர் அப்புறப்படுத்தப்பட்டனர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகக் குழுவினர் அதிர்வை அளக்கக் கருவிகள் பொருத்தினர். அரசு நடத்தும் வெடிப்பென்றால் அண்டை வீட்டின் ஒவ்வொரு விரிசலையும் முன்கூட்டியே எண்ண முடிகிறது. ஆண்டுதோறும் தேதி குறித்து, நோட்டீஸ் அடித்து, ஊரறிய நடக்கும் வெடிக் காட்சிகளுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு முன்னேற்பாட்டையாவது கேட்பது எந்த நம்பிக்கையையும் புண்படுத்துவது ஆகாது. உற்சவம் ஊரின் சொத்து என்றால், ஊரின் கூரைகளும் அதே சொத்தின் பகுதியே.

ஆயினும், விழாக் குழுவைப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வைப்பதால் மட்டும் வீட்டுக்காரர் பாதுகாக்கப்பட்டுவிடுவார் என்று சொல்வதற்கில்லை. அத்தகைய பாலிசிகளில், சட்ட விதி எதையாவது வேண்டுமென்றே மீறியதால் எழும் பொறுப்பு ஏற்கப்படாது என்ற விலக்கு வழக்கமாக இருக்கும். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் வெடிகளைச் செய்ய, சேமிக்க, கொண்டுசெல்ல, காட்சியாக வெடிக்க உரிமங்களையும் இடைவெளிகளையும் வகுத்துள்ளன; குளோரேட்டையும் கந்தகத்தையும் கலக்கும் ஆபத்தான வழக்கத்துக்குத் தடை உள்ளது. பெரும் விபத்துகளோ பெரும்பாலும் இவ்விதிகள் மீறப்பட்ட இடங்களிலேயே நேர்கின்றன. பரவூரில் அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. திருப்பூணித்துறையில் அனுமதி இல்லை. விதிப்படி நடக்கும் விழாவுக்குக் காப்பு தந்துவிட்டு, விதி மீறிய விழாவில் விலகிக்கொள்ளும் பாலிசி, மிகவும் தேவைப்படும் வேளையில் அண்டை வீட்டுக்காரருக்கு உதவாது. காட்சி நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் எடுக்கப்படும் காப்பீடும் அவ்வாறே. சூரக்காட்டில் வெடித்தது காட்சித் திடலில் அல்ல, சரக்கு இறக்கிய இடத்தில்.

போபால் நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின், 1991இல் இயற்றப்பட்ட பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. ஆபத்தான பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாள்வோர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். விபத்து நேர்ந்தால் தவறு யாருடையது என்று நிறுவாமலேயே உடனடி நிவாரணம் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் கொள்கை. கொள்கை உயர்ந்தது, தொகை மிகச் சிறியது. சட்டம் வந்தபோது உயிரிழப்புக்கு 25,000 ரூபாயும் சொத்துச் சேதத்துக்கு அதிகபட்சம் 6,000 ரூபாயுமே நிவாரணமாகக் குறிக்கப்பட்டன. பல்லாண்டுகள் அத்தொகைகள் அப்படியே தேங்கிக் கிடந்தன. ஆறாயிரம் ரூபாயில் ஓட்டுக் கூரையின் ஒரு மூலையைக்கூடச் சரிசெய்ய முடியாது.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் புதுப்பித்து அதற்குத் தங்கள் பெயரையே விட்டுச் சென்ற டச்சுக்காரர்களின் நாட்டில், என்ஷெடே நகரின் குடியிருப்புப் பகுதியில் 2000 மே 13 அன்று வாணவெடிக் கிடங்கு ஒன்று வெடித்தது. 23 பேர் மாண்டனர். ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்தன. மேலும் 1,500 அளவில் கட்டடங்கள் சேதமுற்றன. கிடங்கை நடத்திய சிறு நிறுவனத்திடமிருந்து இவ்வளவு பெரிய சேதத்துக்கு ஈடு பெறுவது நடவாத செயல். ஆனால் வீடுகள் காப்பீடு செய்யப்பட்டிருந்தன. மொத்தச் சேதம் 100 கோடி கில்டரைத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டது. ரூம்பேக் என்ற அப்பகுதி சில ஆண்டுகளில் புதிதாக எழுந்தது. பொறுப்பாளர்களைத் தேடும் விசாரணை தன் வழியில் நடந்துகொண்டிருக்க, வீடுகள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

சர்வேயர் வரும்போது

பாலிசி இருப்பது ஒன்று. அதன்படி பணம் பெறுவது வேறொன்று. வெடி விபத்தில் வீடு சேதமுற்றால், நிறுவனம் சேதத்தை மதிப்பிட ஆணையத்தின் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை அனுப்பும். அவர் வரும் முன் உடைந்த ஓட்டையும் கண்ணாடியையும் அள்ளிக் கொட்டிவிடுவதே பலர் செய்யும் பிழை. மழை இறங்காமல் தார்ப்பாய் கட்டுவதும், தொங்கும் சட்டத்தைக் கழற்றுவதும் தேவையான தற்காப்பு. சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமையும்கூட. ஆனால் அதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, உடைந்தவற்றை ஓரமாகச் சேர்த்து வைக்க வேண்டும். காவல்துறையின் முதல் தகவல் அறிக்கையும் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் வெடிப்பு நிகழ்ந்ததை நிறுவும் ஆவணங்கள். யார் குற்றவாளி என்று அவை முடிவு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்படிக் காத்திருக்கச் சொல்லும் அலுவலரிடம் பாலிசியின் வாசகத்தை எடுத்துக் காட்டலாம்.

விரிசல்தான் கடினமான பகுதி. காலப்போக்கில் ஏற்படும் தேய்வுக்கும் மெல்ல மெல்ல வரும் சிதைவுக்கும் காப்பீடு ஈடு தருவதில்லை. ஆகவே சர்வேயர், இவ்விரிசல் நேற்றையதா நெடுநாளையதா என்று கேட்பார். உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த மட்டாஞ்சேரியில் விரிசல் இல்லாத பழைய சுவர் கிடையாது. மரடில் பொறியாளர்கள் செய்ததை ஒரு குடும்பம் செல்பேசியைக் கொண்டே செய்துகொள்ள முடியும்: உற்சவக் காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு சுவரையும் மேற்கூரையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்தால், விபத்துக்குப் பின் பழைய விரிசலையும் புதிய விரிசலையும் பிரித்துக் காட்டும் சான்று அதுவே. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைப்பது கட்டடப் பொறியாளர்களின் பழைய பழக்கம். அது வளர்ந்திருக்கிறதா என்பதை அக்கோடு சொல்லிவிடும்.

நிறுவனம் மறுத்தாலோ குறைத்துத் தந்தாலோ, முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். மறுமொழி திருப்தி தராவிட்டாலும், ஒரு மாதத்துக்குள் மறுமொழியே வராவிட்டாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கேரளத்துக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் எர்ணாகுளத்திலேயே உள்ளது. மட்டாஞ்சேரிக்காரர் படகில் போய்ச் சேரும் தூரம். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீடுகளை அங்கே தீர்க்க முடியும். நிறுவனத்தின் மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இழப்பீட்டைத் தந்து முடித்த பின் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஓர் உரிமை பிறக்கிறது. வீட்டுக்காரருக்குப் பணம் தந்த அளவுக்கு, சேதம் விளைவித்தவர் மீது வீட்டுக்காரருக்கு இருந்த உரிமை நிறுவனத்தின் கைக்கு மாறுகிறது; வீட்டுக்காரரின் இடத்தில் நின்று நிறுவனமே வழக்குத் தொடுக்கலாம். உரிமைப் பதிலீடு என்று இதைச் சொல்லலாம். வெடிக்கெட்டு விபத்துகளைப் பொறுத்தவரை இந்தச் சிறு விதிக்கு இருக்கும் வலிமை இதுவரை சோதித்துப் பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை. இன்று விபத்துக்குப் பின் விழாக் குழுவை எதிர்த்து நிற்பவர்கள், கூரை இழந்த குடும்பங்கள். அதே ஊரில், அதே கோயிலில், நாளை மறுபடியும் முகம் பார்க்க வேண்டியவர்களின் மீது வழக்குப் போடத் தயங்குபவர்கள் அவர்கள். வாய்தாவுக்கு வாய்தா வேலையை விட்டுவிட்டு நீதிமன்றம் போக இயலாதவர்கள். சூரக்காட்டின் அந்நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் பாலிசி இருந்திருந்தால், கூரைகள் அடுத்த மழைக்கு முன் வேயப்பட்டிருக்கும். வழக்கு மன்றத்தில் விழாக் குழுவுக்கு எதிரே நின்றிருப்பவை, கணக்குப் பார்க்கத் தெரிந்த, தயங்கக் காரணமில்லாத, வழக்கறிஞர்களைக் கைவசம் வைத்திருக்கும் நான்கைந்து காப்பீட்டு நிறுவனங்களாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டு எந்தத் தெருவில், எத்தனை வீடுகளுக்கு நடுவில் வெடிச் சரக்கை இறக்குவது என்று முடிவு செய்யும்போது, அக்குழு அந்நிறுவனங்களின் நோட்டீஸையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.